கொக்கல ஏரியும் ஸ்வான் ஆறும்: ஒரு நெடும் வான்பாதையின் வரலாறு

இலங்கையின் தென்கரையில், காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில் கொக்கல ஏரி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பேர்த் நகரத்தின் நடுவே ஸ்வான் ஆறு ஓடுகிறது. இந்த இரண்டு நீர்நிலைகளுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 5,650 கிலோமீட்டர். நடுவில் இருப்பதெல்லாம் இந்தியப் பெருங்கடல்தான். கோகோஸ் தீவுகளை விட்டால் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. இன்றைய ஜெட் விமானத்துக்கு இது ஏழு மணி நேரத்துக்குள் அடங்கும் தூரம். 1943-ல் இதே தூரத்தை ஒரு பயணிகள் விமானம் எங்கும் நிற்காமல் கடக்க சராசரியாக 28 மணி நேரம் ஆனது. ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆனது.

இறக்கை கொண்ட விமானங்களின் பயணச் சேவையில், தரையைத் தொடாமல் இவ்வளவு நேரம் பறந்த பயணம் இன்றுவரை வேறொன்று இல்லை. அப்படியொரு பயணத்தை மேற்கொள்ளும் கட்டாயம் அன்று ஏன் வந்தது, அது எப்படி முடிந்தது என்று பார்த்தால், நெடுந்தூர விமானப் பயணத்தின் அடிப்படைக் கணக்கு தெளிவாகத் தெரியும். எடுத்துக்கொள்ளும் எரிபொருளுக்கு ஈடாக ஆட்களையும் சரக்கையும் இறக்கிவிட வேண்டும். கொக்கலவில் போட்ட அந்தக் கணக்கைத்தான் உலகின் மிக நீண்ட விமானப் பாதைகள் இப்போதும் போட்டுக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் வானத்தின் வழியே இணைக்கும் முயற்சி முதல் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கியது. முப்பது நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு விக்கர்ஸ் விமி விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று லண்டனுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். ஏறத்தாழ 28 நாள். அதில் எஞ்சின் ஓடிய நேரம் சுமார் 136 மணிதான். மீதிப் பொழுதெல்லாம் தரையில், பழுது பார்ப்பதிலும் எரிபொருள் நிரப்புவதிலும் கழிந்தது.

1935-ல் இது பயணிகள் சேவையாயிற்று. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் பாதையைப் பங்கிட்டுக்கொண்டன. லண்டனிலிருந்து பிரிஸ்பேன் செல்லப் பன்னிரண்டரை நாள். பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை மட்டும் ரயில். 1938-ல் தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்கள் வந்தன. பறக்கும் படகுகள் என்று அவற்றைச் சொல்வார்கள். வயிற்றுப் பகுதி படகின் அடிப்பாகம் போலவே இருக்கும். ஓடுதளம் தேவையில்லை, அலையில்லாத ஓர் ஏரியோ ஆறோ போதும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னிக்கு ஒன்பதரை நாளில் வந்து சேர்ந்தன. பகலில் பறந்து, இரவில் பயணிகளைக் கரையில் தங்கவைத்து, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று கடலோர நகரங்களைத் தொட்டுத் தொட்டு வந்த பயணம் அது. எரிபொருளை ஊருக்கு ஊர் நிரப்பிக்கொண்டதால் அதிகம் சுமக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் அந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பறித்தது. 1942 ஜனவரி 30 அன்று தீமோர் தீவை நெருங்கிக்கொண்டிருந்த குவாண்டாஸின் 'கோரியோ' விமானத்தை ஜப்பானிய போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. பதின்மூன்று பேர் இறந்தார்கள். காயம்பட்ட கேப்டன் ஆப்ரி கோக் நீந்திக் கரையேறினார். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பிப்ரவரி 28 அன்று ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் புரூம் நகரத்துக்குப் பயணிகளோடு புறப்பட்ட 'சர்சே' கடலில் மறைந்தே போனது. அதன் பிறகு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கிழக்கு வழியாக ஒரு கடிதம்கூடப் பறக்க முடியவில்லை.

பழைய பாதை போனபின் மிஞ்சியது பெருங்கடலை நேரே குறுக்காகக் கடப்பது ஒன்றுதான். அதற்கு ஒரு முன்னோட்டம் இருந்தது. 1939 ஜூனில் ஆஸ்திரேலிய விமானி பி. ஜி. டெய்லர், அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் 'கூபா' என்ற கேட்டலினா ரகப் பறக்கும் படகில், ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டிலிருந்து ஆப்பிரிக்காவின் மொம்பாசா வரை பெருங்கடலைக் கடந்து காட்டினார். போர் வந்தால் மாற்றுப் பாதை வேண்டும் என்ற எண்ணத்தில் நடந்த ஆய்வுப் பயணம் அது. அந்தப் பயணத்திலேயே கடலின் குணம் தெரிந்துவிட்டது. முதல் நிறுத்தமான கோகோஸ் தீவுகளை மேகம் மூடிவிட, தீவைக் கண்டுபிடிக்க முடியாமல் விமானத்தை பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு அப்படித் திரும்பிப் போக ஜாவாவில் இடமில்லை. அது ஜப்பானியர் கையில் இருந்தது.

இலங்கையின் வான்வரலாறு அப்போது மிக இளையது. கொழும்புக்கு அருகே இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியதே 1935 நவம்பரில்தான். சென்னை ஃப்ளையிங் கிளப்பின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ அதை ஓட்டி வந்தார். ஏழே ஆண்டுகளில் அந்தத் தீவு நேச நாடுகளின் தென்னாசியக் காவல் கோட்டையாகிவிட்டது. கொக்கல ஏரி கடலை ஒட்டி இருந்தும் அலையில்லாதது. பிரிட்டிஷ் விமானப்படை அதைக் கடல் விமானத் தளமாக எடுத்துக்கொண்டது. அதற்காக அந்த வட்டாரத்துக் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. தப்பி நின்ற மிகச் சில கட்டடங்களில் அவருடைய பூர்வீக வீடும் ஒன்று. நாட்டார் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக அதை இன்றும் பார்க்கலாம். இந்தப் பாதைக்கு விலை கொடுத்தவர்களின் பட்டியலில் விமானிகளுக்கு முன்னால் எழுத வேண்டியது அந்தக் கிராமத்தாரை.

1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலவிலிருந்து ரோந்து சென்ற ஒரு கேட்டலினா, தெற்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் பெரும்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டது. கனடா நாட்டு விமானி லெனர்ட் பர்ச்சால் செய்தியை ரேடியோவில் அனுப்பத் தொடங்கியபோதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தனர். பர்ச்சால் உட்பட ஆறு பேர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. ஆனால் எச்சரிக்கை முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

குவாண்டாஸ் பேர்த்துக்குப் பறக்கப் போவது இந்த ஏரியிலிருந்து, இதே கேட்டலினா ரக விமானத்தில்.

அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹட்சன் ஃபிஷ், அறுந்த தொடர்பை எப்படியாவது ஒட்டவைக்க வேண்டும் என்று விடாமல் முயன்றவர். பிரிட்டன் ஐந்து கேட்டலினாக்களை ஒதுக்கியது. கேப்டன் பில் குரோதரின் பொறுப்பில், ஸ்வான் ஆற்றங்கரையில் நெட்லண்ட்ஸ் என்ற இடத்தில் தளம் அமைந்தது. ஐந்து விமானங்களுக்கும் கடலில் வழி பார்க்க உதவும் விண்மீன்களின் பெயர்களை வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. இவற்றில் ஆல்டேர் நம் பஞ்சாங்கத்தின் திருவோணம், அன்டாரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை.

எல்லாவற்றையும் தீர்மானித்தது எடை. கேட்டலினா நிதானமான விமானம். மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 5,650 கிலோமீட்டருக்கு வேண்டிய பெட்ரோல் அதன் வழக்கமான தொட்டிகளில் கொள்ளாது. எனவே உள்ளே கூடுதல் தொட்டிகளைப் பொருத்தினார்கள். தற்காப்புக் கவசத் தகடு, பனி நீக்கும் கருவி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். கிட்டத்தட்ட 9,000 லிட்டர் பெட்ரோலோடு விமானத்தின் மொத்த எடை 16 டன்னை எட்டியது. இவ்வளவும் செய்தபின் பயணிகளுக்கும் தபாலுக்குமாக மிஞ்சியது சுமார் 450 கிலோ. அதில் அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ தபால்.

மூன்று பேருக்காகவும் ஒரு மூட்டைக் கடிதத்துக்காகவும் 9,000 லிட்டர் பெட்ரோலா என்று கேட்கலாம். போகிறவர்கள் போர் முயற்சிக்கு இன்றியமையாத அதிகாரிகள். தபாலில் தூதரகக் கடிதங்களும், மைக்ரோஃபிலிமாகச் சுருக்கப்பட்ட படைவீரர் கடிதங்களும் இருந்தன. லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஓர் ஆவணம் கப்பலில் மாதக்கணக்கில் மிதக்காமல் சில நாட்களில் கைக்குக் கிடைப்பது அன்று அந்த விலைக்குத் தகுந்ததாகவே இருந்தது.

முதல் பயணம் 1943 ஜூன் கடைசியில் கேப்டன் ரஸ்ஸல் டாப் தலைமையில் நடந்தது. முழுச் சுமையோடு தண்ணீரிலிருந்து எழும்புவதே முதல் சோதனை. எழும்பிய பிறகும் நிம்மதி இல்லை. இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால், எரிபொருள் ஓரளவு தீர்ந்து எடை குறையும்வரை மற்றொன்றால் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. அதனால் அவசரத்தில் பெட்ரோலைக் கடலில் கொட்டிவிடும் வால்வுகளைப் பொருத்தியிருந்தார்கள். எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் ரேடியோவில் பேச்சு இல்லை. ஜப்பானிய ரோந்து விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரத்தைத் திட்டமிட்டார்கள். விமானத்தில் துப்பாக்கி கிடையாது.

வழி கண்டுபிடித்தது செக்ஸ்டன்ட் கருவியாலும் கணக்குப் புத்தகத்தாலும். பகலில் சூரியனின் உயரத்தை அளந்தார்கள், இரவில் விண்மீன்களை அளந்தார்கள். காற்று விமானத்தை எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று அறிய, கடலில் எரியும் மிதவையைப் போட்டு அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று கவனித்தார்கள். மேகம் மூடினால் விண்மீன் இல்லை. அப்போது வேகத்தையும் திசையையும் வைத்துக் கணித்துக்கொண்டே போக வேண்டியதுதான். 28 மணி நேரக் கணிப்பில் ஒரு பாகை பிசகினால்கூட, முடிவில் நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் கரையைப் பார்ப்பார்கள். எதிர்க்காற்று பலத்தால் நேரம் நீளும். அந்த 32 மணி 9 நிமிடமெல்லாம் காற்று எழுதிய எண்தான்.

பயணத்துக்குள் ஒரு முழுநாள் அடங்கிவிடுவதால், உள்ளே இருந்தவர்கள் சூரியன் இரண்டு முறை உதிப்பதைக் கண்டார்கள். கடந்து முடித்த பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு'வின் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கப்பட்டது. சூடேற்றும் வசதியில்லாத, பேச்சுக் காதில் விழாத அளவுக்கு எஞ்சின் இரைந்த கூண்டுக்குள் ஒன்றேகால் நாள் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அது தகும்.

கொக்கலவில் இறங்கிய தபால் அங்கிருந்து கராச்சிக்குப் போய் பிரிட்டிஷ் விமானச் சேவையோடு சேரும். 1943 இறுதியில் குவாண்டாஸ் விமானங்களே கராச்சிவரை பறக்கத் தொடங்கின. 1944 ஜூன் முதல் நான்கு எஞ்சின் லிபரேட்டர் விமானங்களும் பாதையில் சேர்ந்தன. குண்டுவீச்சு விமானமாகப் பிறந்து பயண வேலைக்கு மாறியவை அவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மன்த் தளத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, சுமார் 4,900 கிலோமீட்டர் தள்ளியுள்ள இரத்மலானைக்கு ஏறத்தாழ 17 மணி நேரத்தில் வந்தன. கேட்டலினாவைவிடப் பல மடங்கு சுமந்தன. கங்காருச் சின்னத்தை வரைந்துகொண்டு பறந்ததும் இவைதான். லண்டன் – சிட்னிப் பாதைக்குப் பின்னர் நிலைத்த கங்காருப் பெயர் அப்போதே வந்துவிட்டது.

1945 ஜூலையில் கேட்டலினா சேவை நிறுத்தப்பட்டபோது 271 முறை பெருங்கடலைக் கடந்திருந்தார்கள். ஒரு விமானம்கூடக் கடலில் விழவில்லை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்தக் காலத்தின் எஞ்சின்களையும், ரேடியோ மௌனத்தையும், போர்க்காலக் கடலையும் நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு வரிக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். விமானங்களுக்குத்தான் அந்தப் பேறு கிடைக்கவில்லை. அமெரிக்காவின் போர்க்கால உதவி ஒப்பந்தத்தின் விதிப்படி அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த இடமில்லாமல், நான்கைப் பேர்த்துக்கு அப்பால் ரொட்னஸ்ட் தீவருகே கடலில் மூழ்கடித்தார்கள். ஐந்தாவதுக்கும் சிட்னிக்கு அப்பால் அதே கதி.

போர் முடிந்து சிங்கப்பூர் திறந்ததும் நடுக்கடல் பாதைக்கு அவசரம் போய்விட்டது. 1947 டிசம்பர் 1 அன்று தொடங்கிய குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானச் சேவை 29 பயணிகளோடு சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்கு நாளில் லண்டனை அடைந்தது. மறுபடியும் ஊருக்கு ஊர் எரிபொருள், இருக்கை நிறைய ஆட்கள். இந்தியப் பெருங்கடலைக் குறுக்காகக் கடக்கும் சேவை 1952-ல் பேர்த் – ஜோகன்னஸ்பர்க் பாதையாக மீண்டு வந்தபோதும், கோகோஸிலும் மொரிஷியஸிலும் நின்றே சென்றது. 1959-ல் வந்த போயிங் 707 ஜெட்டும், 1971-ல் வந்த 747-ம் நேரத்தைப் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைத்தன. நிறுத்தங்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆனால் ஒரு நிறுத்தமாவது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் கடைசி நிறுத்தத்தையும் நீக்கிப் பார்க்கும் முயற்சி 1989 ஆகஸ்டில் நடந்தது. குவாண்டாஸ் தன் முதல் 747-400 விமானமான 'சிட்டி ஆஃப் கான்பெரா'வை லண்டனிலிருந்து நேராகச் சிட்னிக்குக் கொண்டுவந்தது. 20 மணி 9 நிமிடம் ஆயிற்று. கட்டணப் பயணிகளும் சரக்கும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் இருபது சொச்சம் பேர். வழக்கமானதைவிட அடர்த்தி மிகுந்த எரிபொருளைத் தனியாக வரவழைத்து, தொட்டிகளை விளிம்புவரை நிரப்பி, ஓடுதளத்தின் முனைவரை விமானத்தை இழுத்துச் சென்று நிறுத்தினார்கள். தரையில் ஊர்ந்து போகும்போது எரியும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. நானூறு பேரை ஏற்றிச் செல்லக்கூடிய விமானம் அந்தத் தூரத்துக்காகக் கிட்டத்தட்டக் காலியாகப் பறந்தது. கேட்டலினாவின் கணக்குதான், அளவு மட்டும் பெரிது. 2015 முதல் அந்த விமானம் சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா விமான நிலைய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கட்டணப் பயணிகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரே போகும் சேவை 2018 மார்ச் 24 அன்றுதான் தொடங்கியது. புறப்பட்ட ஊர் பேர்த். 14,498 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எடை குறைந்த கார்பன் இழைக் கூட்டு உடலும் சிக்கனமான எஞ்சின்களும் கொண்ட போயிங் 787-9 அதைச் சாத்தியமாக்கியது. அப்போதும் கணக்கு மாறவில்லை. 290 பேர் அளவுக்கு அமரக்கூடிய விமானத்தில் குவாண்டாஸ் 236 இருக்கைகளையே வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதிக்கு நேர்ச் சேவையைத் திரும்பத் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதற்கென வாங்கிய ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகள்தான் போட்டது. சாதாரண எகானமி வகுப்பே அதில் இல்லை.

போர் மூடும் வானமும் இந்தக் கணக்கைக் கலைத்துப் போடுகிறது. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரம் எடுத்துக்கொண்ட ஃபின்ஏர் விமானங்கள் வடதுருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் மேற்காசியப் பதற்றத்தால் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க நேர்ந்தபோது, பேர்த் – லண்டன் விமானத்துக்குச் சுற்றுவழிக்கான எரிபொருள் போதவில்லை. பயணிகளைக் குறைத்து நேரே பறப்பதா, வழியில் இறங்கி நிரப்புவதா என்ற கேள்விக்கு இறங்கி நிரப்புவது என்று முடிவாயிற்று. இறங்கிய இடம் சிங்கப்பூர். 1942-ல் அந்த ஊரை இழந்ததால் இடைநில்லாப் பயணம் பிறந்தது. 2024-ல் பேர்த் – லண்டன் பயணத்தைக் காப்பாற்ற அதே ஊர் வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து பேர்த்துக்குத் திரும்பும் விமானம் மட்டும், பின்னாலிருந்து தள்ளும் மேல்காற்றின் தயவால் நிற்காமலே வந்தது.

சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேரே பறக்க குவாண்டாஸ் வகுத்திருக்கும் திட்டத்தின் பெயர் 'புராஜெக்ட் சன்ரைஸ்'. அந்தப் பெயர் கேட்டலினாக்களின் நினைவாக வைத்தது. 2019 நவம்பரில் நடந்த சோதனைப் பயணத்தில் ஐம்பது பேர் அளவில் லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடம் பறந்தார்கள். அவர்களும் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். 2022-ல் இதற்காகப் பன்னிரண்டு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் பின்பக்கம் 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் தொட்டி உண்டு. மற்ற நிறுவனங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைக்கும் அந்த விமானத்தில் 238 இருக்கைகள் என்று தீர்மானித்திருக்கிறார்கள். 22 மணி நேரம்வரை பறக்கும் ஆற்றலோடு அது வந்தாலும், நேர அளவில் கொக்கலவிலிருந்து போன கேட்டலினாக்களை முந்தப் போவதில்லை.